கணக்கு முடித்த அன்று

சம்பளப் பாக்கியில் ஆயிரத்து நூறு குறைத்து
கவரைத் தள்ளினார் முதலாளி.
அவர் எதிரிலேயே எண்ணிப் பார்த்தேன்,
இரண்டு தடவை.

தெற்கு மாசி வீதியில் மழை விட்டிருந்தது.
பெரியார் நிலையத்தில்
திருமங்கலம் பஸ்ஸுக்கு நின்றபடி
கடையின் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறினேன்.
அவர் நம்பரையும் அழித்தேன்.
ஏழு வருடப் பழக்கம்,
விரலில் அப்படியே இருக்கிறது.

ஆடிட்டர் சகாயராஜ்?
நாளைக்கு வேறு கடையில்
'பொண்ணு எப்படி?' என்று விசாரித்தால்
சொல்ல ஓர் ஆள் வேண்டும்.
இருக்கட்டும்.

லோடுமேன் மொக்கச்சாமி
எனக்காக ஒருநாள் சத்தம் போட்டு
அரைநாள் கூலியை இழந்தவர்.
தேடினேன்.
அவரிடம் போனே கிடையாது.

பஸ் வந்தது.
கூட்டம் ஏறியது.
நான் குடோன் சந்துக்குத் திரும்பி நடந்தேன்,
முதலாளி பார்த்தால்
பார்த்துவிட்டுப் போகட்டும்.