புதன்கிழமை ஓ.பி.

கண் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.
கடையில், பல்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
கண்ணுக்கும் பல்லுக்கும் போகிற வழியைத் தாண்டி
வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிற வரிசையில்
தலை குனிந்து நின்றேன்.
டோக்கன் நாற்பத்தொன்று.

கீழ ரதவீதிப் பாத்திரக்கடையில் பதினோரு வருசம்.
சருவச்சட்டியைத் தட்டினால்
ஓசையிலேயே விரிசலைச் சொல்லிவிடுவேன்.
என்னை யாரும் தட்டிப் பார்க்கவில்லை.
ஆடியிலிருந்து தூக்கமில்லை.
குத்துவிளக்குக்கு விலை கேட்டவளிடம்
தவலையின் விலையைச் சொன்னேன்.
விடியுமுன்னே குறுக்குத்துறைக்குப் போய்
ஆற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தேன்.
குளிக்க இல்லை.

முன்பெஞ்சில் ஒரு முதுகு.
நூறு மூட்டை சுமந்து பார்த்திருக்கிற முதுகு.
முப்பிடாதி.
அவன் லோடு இறக்க வந்தால் தெருவே சிரிக்கும்.
லாரிக்கு அபராதம் எழுதுகிற போலீஸ்காரர்
எழுதிக்கொண்டே சிரிப்பார்.
எங்கள் முதலாளிகூட, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு.
அந்த முப்பிடாதி
ஓ.பி. சீட்டை நாலாக மடித்து
உள்ளங்கைக்குள் வைத்திருந்தான்.

திரும்பினான். பார்த்துவிட்டான்.
சுவரில் இருந்த கொசு ஒழிப்பு அறிவிப்பை
நான் இரண்டுமுறை படித்தேன்.
அவன் மின்விசிறியைப் பார்த்தான். அது சுற்றவில்லை.
முப்பதாம் டோக்கன்வரை இப்படியே போனது.
பிறகு அவன் நகர்ந்து
பெஞ்சில் ஒரு சாண் இடம் விட்டான்.
“இரி. காலு வலிக்கும்லா.”

“கண்ணு காட்ட வந்தேன்” என்றேன்.
“செரிதாம்ல. கண்ணு தெரியாமத்தான்
இந்த வரிசைல வந்து நிக்கே.”

சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாள் என்று
அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
“வீட்டுக்குப் போனா எனக்குப் பேச்சே வராது.
பகலெல்லாம் ஆடுன வாயி
ராத்திரி செவத்தப் பாத்துக் கெடக்கும்.
பொண்டாட்டிதான் கையப் புடிச்சு இழுத்தாந்தா.
மூணு வருசமாச்சு.”

நான் ஆற்றைச் சொன்னேன்.
அவன் புத்தி சொல்லவில்லை,
பிள்ளைகள் முகத்தை நினை என்று சொல்லவில்லை.
மடியிலிருந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்து
நடுவில் வைத்தான்.
“எத்தன நாளா?” என்று மட்டும் கேட்டான்.
என் நம்பரைக் கூப்பிட்டபோது
“அந்த ஆத்து சங்கதிய முழுங்கிராத,
டாக்டரம்மாட்ட அப்படியே சொல்லிரு” என்றான்.
சொன்னேன்.

மறுநாள் பதினோரு மணி, தெரு நெருக்கியடிக்கிறது.
“நேத்து எங்கல போன? ரெண்டு லோடு கெடந்து போச்சு”
என்று யாரோ கத்த,
லாரிமேல் நின்றபடி முப்பிடாதி சொன்னான்:
“மனசுக்கு மாத்திர வாங்கப் போனேன்.
ராத்திரிக்கு ஒண்ணு.”
என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.
அதுதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.
“எனக்கும்” என்றேன்.
குரல் தவலைக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

கை தவறிய ஒரு மூடி உருண்டு போய்
சாக்கடையோரம் சுற்றிச் சுற்றி அடங்கியது.
யாரும் நல்லதாக எதுவும் சொல்லிவிடவில்லை.
ஒருவன் சிரித்தான்.
இன்னொருவன் என் கையிலிருந்த அண்டாவை
வாங்கிக்கொண்டு உள்ளே போனான்,
அது அவன் சோலி இல்லை.

இரவு ஷட்டரை இறக்கி
குனிந்து பூட்டிக்கொண்டே, முகம் காட்டாமல்
முதலாளி கேட்டார்:
“அந்த டோக்கன் எத்தன மணிக்குக் குடுக்காவ?”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
“ஏழரைக்கு. ஏழுக்கே போயிரணும்.”
சாவி துவாரத்தைத் தேடித் தடுமாறியது.
செல்போன் வெளிச்சத்தைப் பூட்டின்மேல் பிடித்தேன்.

“வீட்ல கேட்டா… பல்லுன்னு சொல்லிக்கலாம்லா?”

“சொல்லிக்கலாம் மொதலாளி.
நானும் மொதல்ல பல்லுதான்.”