வெளியே இருந்த நாட்கள்

அபர்தீன் நூலகம், இரண்டாம் மாடி.
ஹீட்டரை ஒட்டிய மேசை இன்று எனக்கு வாய்த்தது.
ஒரு பென்சில், இரண்டு பாஸ்போர்ட்,
பழையதின் மூலையைக் கத்தரித்துக் கொடுத்திருந்தார்கள்.
முத்திரை மேல் முத்திரை குத்திய திபிலிசிக்காரன்
பின்னால் ஒருத்தி இதை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
மூன்றா எட்டா என்று கண்ணைச் சுருக்குவாள் என
நினைத்திருக்க மாட்டான்.

நான் பஸ் ஓட்டுகிறவள். பதினேழாம் எண்.
ஒரு நிமிடம் பிந்தினால் புகார்,
ஒரு நிமிடம் முந்தினால் அதைவிடப் பெரிய புகார்.
கணக்கு எனக்குப் புதிதில்லை.

ஐந்தாண்டில் நானூற்றைம்பது நாள் வரை
வெளியே இருந்திருக்கலாம்,
கடைசி ஆண்டில் தொண்ணூறு.
புறப்பட்ட நாள் சேராது, திரும்பிய நாளும் சேராது.
வேறெங்கோ முழுதாய் விடிந்து
முழுதாய் இருட்டிய நாள் மட்டும்.

எழுதினேன்.
தம்பி சுராபின் கல்யாணம்: பதினாறு.
அப்பாவின் இடுப்பெலும்பு: நாற்பத்தொன்று.
கடைவாய்ப் பல் இரண்டு: பன்னிரண்டு
(இங்கே டாக்டர் கூப்பிடுவதற்குள் பல் தானே விழுந்துவிடும்).
கிரீஸ், ஒருவனோடு: ஆறு.
அவன் கணக்கிலிருந்து போய்விட்டான்,
ஆறு நாள் போகவில்லை.
அம்மா: ஒன்பது.

எண்பத்து நான்கு. தாராளம்.
மார்ச் நான்கு அனுப்புகிறேன் என்றேன்.

உதவிக்கு இருந்த பெண் இஷ்பெல்,
மூக்கில் வளையம், கையில் பாதி தின்ற பிஸ்கட்,
ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.
அனுப்பும் நாளிலிருந்து ஐந்தாண்டு பின்னால் போ,
அந்த நாளில் நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.
இருந்தாயா?

அந்த மார்ச் நான்கு
குத்தாயிசியில் பனியும் மழையும் கலந்து பெய்தது.
குழி தோண்டியவர்கள் இருமுறை நீர் இறைத்தார்கள்.
நான் அம்மாவின் தலைமாட்டில் நின்றேன்.

இல்லை என்றேன்.

அதனாலென்ன, பன்னிரண்டாம் தேதி அனுப்பு என்றாள்,
நனைந்த குடையை வெளியே வை என்பதுபோல.
எட்டு நாள்தானே.

எட்டு நாள்தான்.
ஐந்தாண்டு என்பது ஒரு ஜன்னல்.
அதைக் கொஞ்சம் நகர்த்தினால்
அம்மாவின் ஒன்பது நாளும்
சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன.
அந்த வரியை அடித்தேன். எழுபத்தைந்து.

நாற்பதாம் நாளுக்கு நான் இருக்கவில்லை.
விடுப்பு அவ்வளவுதான்.
மேசையில் எனக்கும் ஒரு கோப்பை வைத்து
யாரும் தொடாமல் விட்டார்களாம்,
சுராப் போனில் சொன்னான், பிறகு பேசவில்லை
அவன் கல்யாணம் வரை.
அங்கே நான் உட்காராத அந்த இருபத்தெட்டு நாளும்
இங்கே வரவில் ஏறியிருக்கின்றன,
ஒவ்வொன்றும், முழுசாக,
ஒரு கேள்வியும் இல்லாமல்.

சரி, பன்னிரண்டாம் தேதி என்ன செய்தாய்?
இதை இஷ்பெல் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.
எதுவும் ஞாபகம் இல்லை.
முந்தின நாள் இரவு வந்து இறங்கியவள்.
சம்பளச் சீட்டைத் தேடி எடுத்தேன்:
காலை ஐந்து பத்து, பதினேழாம் எண்,
எட்டரை மணி நேரம், வரி போக இவ்வளவு.
ஆக இருந்திருக்கிறேன்.
யாரோ ஏறினார்கள், யாரோ சில்லறை இல்லை என்றார்கள்,
கடற்கரைத் திருப்பத்தில் காற்று கதவை அடித்திருக்கும்.

வேறு காலணி அப்போது கிடையாது.
கல்லறைக்குப் போனதும் அதே ஜோடிதான்,
துடைத்ததாய் நினைவில்லை.
பிரேக் மிதியின் ரப்பர் வரிகளில்
குத்தாயிசிக் களிமண் கொஞ்சம்
காய்ந்து உதிர்ந்திருக்கும்.
இரவு பஸ் கழுவுகிறவன்
பெருக்கித் தள்ளியிருப்பான்.

பென்சிலால் எழுதினால் செல்லாது என்றாள் இஷ்பெல்.
பேனா கொடுத்தாள்.