காலி மனை

கோல்கம்பத்தில் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள்
அறிவிப்பை.
மேல்பாதி ஆங்கிலம். கீழ்ப்பாதி ஸூலு.
நான் மனதுக்குள் தமிழில் படித்துக்கொண்டேன்:
காலி மனை, எண் 3318.
நூற்றிருபது வீடுகள்.
ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள்.

காலியாம்.
வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வந்து பார்க்கட்டும்,
இருபத்திரண்டு பையன்கள், ஒரே ஒரு விசில்,
அதுவும் பாதி நேரம் ஊதாது.
ஹடீடாக்கள் கடன்காரனைக் கண்டதுபோல் கத்திக்கொண்டே
புழு பொறுக்கும் ஈரம்.
வாசுகி மூட்லி கார் ஓட்டப் பழகி
சிரிங்கா மரத்தில் இடித்து
இறங்கி வந்து மரத்திடம் மன்னிப்புக் கேட்ட இடம்.
பட்டையில் இன்னும் நீல பெயிண்ட் இருக்கிறது.

சனிக்கிழமை தாளோடு கிளம்பினேன்.
படையாச்சி கேட்டைத் திறக்காமலே
கம்பி இடுக்கில் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.
"வீடு வந்தால் என் வீட்டு விலை போச்சு."
குமுதா நாயுடு,
"யார் யாரெல்லாம் வருவார்களோ" என்றாள்.
'யார்' என்பதை மட்டும் குரல் தாழ்த்திச் சொன்னாள்.
நான் காதில் விழாதவள் மாதிரி
அடுத்த வரியைக் காட்டினேன்.
கையெழுத்துக்கு என்ன காரணம் வேண்டிக்கிடக்கிறது
என்று தேற்றிக்கொண்டு நடந்தேன்.
செருப்புக்குள் கல் போல அந்த 'யார்'.

ஓடையைத் தாண்டினால் தகர வீடுகள்.
நொந்தாந்தோ வேலியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
எங்கள் திடலைக் காப்பாற்ற வேண்டும் என்றேன்.
'எங்கள்' என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.
"கட்டினால் எனக்கு ஒன்று கிடைக்குமா?"
விளம்பரத் தாளை நீட்டினேன்:
இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம்,
பதினான்கு லட்சம் ராண்ட்.
வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் கேட்டாள்:
"எங்களுக்காகக் கட்டுவதாக இருந்தால்?
அப்போதும் இந்தத் தாளோடுதான் வருவாயா?"

ஓடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தலைகீழாகக் கிடந்தது.
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பையன்தான் கோல்கீப்பர்.
அதற்காகப் பேனாவை வாங்கினாள், எனக்காக இல்லை.
பெயர் எழுதினாள். முகவரிக் கட்டத்தில் நின்றது பேனா.
இந்த வரிசைக்குத் தெருவும் இல்லை, எண்ணும் இல்லை.
அப்படியே விட்டாள்.
பின்னால் வந்த நாற்பது பேரும் அப்படியே விட்டார்கள்.

நூலக மாடியில் கூட்டம்.
அதிகாரி சிவப்புப் பேனாவால்
முகவரி இல்லாத வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார்.
கோபமில்லை, அவசரமில்லை, கீரை ஆய்வதுபோல.
நாற்பத்தொன்று செல்லாது.
படையாச்சி செல்லும். குமுதா செல்லும்.
நான் செல்லும்.

அறுபத்துநாலில் அப்பாவுக்கு வந்த தாளிலும் இதே சொல்தான்.
காலி.
அங்கே அது ஏவல் வினை.
லாரியில் கொண்டுவந்து எங்களை இறக்கிய
இந்த சாட்ஸ்வொர்த் குன்றும்
அன்றைக்கு வரைபடத்தில் காலிதான்.
எங்கள் பின்கட்டில் மண்வெட்டி போட்டால்
இன்றைக்கும் ஒரு வாழைக்கன்று எட்டிப் பார்க்கிறது.
நட்டவர் பெயரை நாங்கள் கேட்டதில்லை.

முடிவு மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
அளந்தவர்கள் அடித்துவிட்டுப் போன சிவப்புத்தலை முளைகளில்
மூன்றைப் பிடுங்கி ஸ்டம்ப் நட்டிருக்கிறார்கள் பையன்கள்.
மழைக்கு இப்போது கிரிக்கெட்.
நொந்தாந்தோவின் மகன் பந்து வீசுகிறான்,
படையாச்சியின் பேரன் போல்டாகி
ஆகவில்லை என்று சாதிக்கிறான்.

நான் தாளை மறுபடி அச்சடித்திருக்கிறேன்.
முகவரிக் கட்டத்தை எடுத்துவிட்டேன்.
அவள் கேள்விக்கு ஒரு கட்டம் போட்டேன்,
என் பெயருக்கு நேராக மட்டும்.
அது இன்னும்
காலி.