இரண்டாம் அட்டவணைக்கு ஓர் அடிக்குறிப்பு

பிராட்ஃபோர்டில் நவம்பர்.
நாலு மணிக்கே விளக்கேற்றிவிட்டது தெரு.
நகராட்சி மூன்றாம் மாடியில்
இரண்டு பத்திகளை அருகருகே நிறுத்தி
உயரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இடப்பக்கம் இந்திய வம்சாவளி,
வலப்பக்கம் பாகிஸ்தானிய வம்சாவளி.
சொந்த வீடு, பட்டம், வாரச் சம்பளம்,
வேலைக்குப் போகும் பெண்கள்.
வரிக்கு வரி வலப்பக்கம் குட்டை.

நான் வலப்பக்கத்துக்காரி, ஷகுஃப்தா.
பக்கத்து நாற்காலி ஹேம்லதா தக்ரார், இடப்பக்கம்.
அவள் டப்பாவில் தேப்லா,
என் டப்பாவில் நேற்றைய கீமா.
மூடியைத் திறக்கும்போது
ஜன்னலையும் கொஞ்சம் திறப்பேன், அவளுக்காக.

"ஏன் இப்படி? ஒரே வரியில் எழுதுங்கள்,
கவுன்சிலர்களுக்கு நேரமில்லை" என்கிறார் ஆக்ராய்ட்.

ஒரு வரி.
மங்ளா அணை நிறைந்தபோது
எங்கள் வயல் தண்ணீருக்குள் போனது.
அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு சீட்டும்
கம்பளி ஆலையில் ராத்திரி ஷிஃப்டும்.
படிக்காதவருக்குப் படிப்பு கேட்காத வேலை.
எந்திரத்தின் இந்தப் பக்கம் சித்தப்பா,
அந்தப் பக்கம் மாமா.
ஆங்கிலம் நுழைய இடமில்லை,
நுழைந்திருந்தாலும்
அந்த இரைச்சலில் காதில் விழுந்திருக்காது.
ஆலையைப் பூட்டிய அன்றுதான்
அமைதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

ஹேம்லதாவின் அப்பா
ஜிஞ்சாவில் கடையைப் பூட்டிச்
சாவியோடு விமானம் ஏறினார்.
லெஸ்டரில் அந்தச் சாவி எதையும் திறக்கவில்லை.
ஆனால்
பேரேடு எழுதத் தெரிந்த விரல்களை
எந்தச் சுங்க அதிகாரியும் பறிமுதல் செய்யவில்லை.

இதைச் சொன்னால் சாக்கு என்பார்கள்.
கொஞ்சம் சாக்குதான்.
அக்கா ஃபௌஸியாவைப் பதினேழு வயதில்
கல்லூரிக்கு அனுப்பாமல்
மீர்பூருக்குக் கல்யாணத்துக்கு அனுப்பியது
அணை இல்லை, அப்பா.
அவள் நிரப்ப வேண்டிய கட்டத்தில்
என் கையாலேயே கோடு போட்டேன்.

இடப்பக்கம் மட்டும் என்ன?
உள்ளாடைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம்
விளிம்பு தைத்த ஹேம்லதாவின் அம்மாவுக்கு
இப்போது சீப்பைப் பிடிக்க மணிக்கட்டு மடங்காது.
மணிக்கட்டுக்கு வரி இல்லை அட்டவணையில்.
தம்பி ஜிதேஷ் மூன்று கடைகளைச் சூதில் விட்டவன்.
அவனையும் தோளில் ஏற்றிக்கொண்டு
நிமிர்ந்து நிற்கிறது சராசரி.
"அவன் வெளியே எட்டிப் பார்க்கவே மாட்டான்"
என்கிறாள் அவள், தேப்லாவைப் பிய்த்தபடி.

என் பட்டம் வலப்பக்கத்தை
எவ்வளவு உயர்த்தியது என்று
ஒருநாள் ஆளில்லாத நேரம் கணக்கிட்டேன்.
பூஜ்யம் என்றது கணினி.
முழு எண்ணில் சொல்லச் சொல்லியிருந்தேன்.

ஐந்தரை. ஆக்ராய்டின் வரி இன்னும் காலி.
லீட்ஸ் ரயிலை விட்டுவிட்டாள் ஹேம்லதா.
அண்ணன் ஜஹீரை அழைத்தேன்,
டாக்ஸியோடு வந்தான், மழையோடும்.
இறங்கும்போது அவள் நோட்டை நீட்ட,
அவன் பஞ்சாபியில் மறுக்க,
அவள் குஜராத்தியில் வற்புறுத்த,
'பஸ், பஸ்' என்றார்கள் இருவரும்.
இரண்டு மொழியிலும் அதற்குப் போதும் என்று பொருள்.
நோட்டு இருக்கையிலேயே கிடந்தது.

திரும்பும் வழியில் கேட்டான்:
"நாம எதிலயுமே முன்னால இல்லையா?"
"ஒரு வரியில இருக்கோம்."
"எது?"
"சுயதொழில்."
பதினாலு மணி நேரமாக அதே இருக்கையில் இருந்தவன்
சிரித்தான், முதுகை ஒருமுறை நெளித்தான்,
வைப்பரை இன்னும் வேகமாக வைத்தான்.