பிடரி

உன் முகத்தைவிட உன் பிடரிதான் எனக்குப் பழக்கம், காசியேன்.
தோல் தொப்பிக்கும் கம்பளிக் காலருக்கும் நடுவே
இரண்டு விரல் அகலச் சதை,
முகாம் நாவிதன் கோணலாக விட்ட மயிர்க்கோடு,
வலக் காதுக்குக் கீழே மிளகளவு மச்சம்.
ஷாம்பான் வானத்தில் எனக்கு அதுதான் அடிவானம்.

பதினைந்தாம் ஆண்டு முடிகிற நேரம்.
விசிறிக்கு ஊடே சுடும் வித்தை நமக்கு இன்னும் கைவரவில்லை.
எவரோ பென்சிலைக் கடித்தபடி யோசித்திருக்கிறார்:
துப்பாக்கி விசிறியைத் தாண்டாதென்றால்
ஆளையே விசிறிக்கு முன்னால் உட்கார வை.
அப்படித்தான் வந்து சேர்ந்தது
இரட்டை இறக்கையின் மூக்கில் மாட்டிய ஒட்டுப்பலகைத் தொட்டி.
பிரசங்க மேடை என்றார்கள் முகாமில்.
அதில் ஏறியவன் பேசியதை எவரும் கேட்டதில்லை.

உனக்குப் பின்னால் ஒரு கம்பிவலை.
அதற்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில்,
வெறிபிடித்துச் சுழலும் மரம்.
அதற்குப் பின்னால் எண்பது குதிரைகள்.
அதற்கும் பின்னால் நான்.
வேகம் பிடித்ததும் அந்தச் சுவர் கண்ணாடியாகிவிடும்;
ஓடைக்கடியில் கூழாங்கல்போல நடுங்கும் உன் கழுத்து.

குட்டையைச் சட்டைக்குள் செருகு, என்பேன் தரையில்.
காலித் தோட்டாத் தட்டைக் கைநழுவ விடாதே, விசிறிக்குள் வரும், என்பேன்.
தலையாட்டிவிட்டு
சீட்டாட்டப் பாக்கி நாலு பிராங்கைக் கேட்பாய்.

எஞ்சின் குடித்துத் துப்பும் விளக்கெண்ணெய் முழுக்க என் பங்கு.
இறங்கும்போது நீ ஞாயிறு பூசைக்குப் போகிறவன்,
நான் பொரித்தெடுத்த மீன்.
வயிற்றின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

எஞ்சினைத் திறக்க, மெக்கானிக் குடெக்
உன் தொட்டியை அவிழ்த்து முன்பக்கம் சாய்ப்பான்.
அது மண்ணில் முகம் வைக்கும்.
நீ ஒருநாளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை;
சிகரெட் தேடிப் போய்விடுவாய்.
மூக்குக் குத்தினால் முன்னவன் எழமாட்டான் என்று தெரிந்து
பிடரியில் கால்பட ஓடியவர்கள் உண்டு.
நீ ஏன் ஓடவில்லை? நான் கேட்கவில்லை.

ஜனவரியில், சுயிப் நதிக்கு மேலே
ஒரே ஒரு தடவை நீ திரும்பினாய்.
தோளை முறுக்கி, முழுதாக.
விசிறிக்கு அப்பால் உன் வாய் அசைந்தது,
மூன்று சொல், இல்லை நான்கு.
எதிரியா? எங்காவது கம்பி அறுந்ததா?
மேலும் கீழும் தேடினேன். வானம் காலி.
இறங்கியதும் ஓடிவந்து கேட்டேன்.
"நானா? அதிமதுரம் மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டது."
நம்பினேன். பாதி.

பிப்ரவரியில் எனக்குக் காமாலை.
மஞ்சள் கண்ணோடு கூடாரத்தில் கிடந்தபோது
உன்னை வேறொருவன் கொண்டுபோனான்.
கெட்டிக்காரன்தான், குறை சொல்லமாட்டேன்.
பீட்ரூட் வயலில் உறைந்த உழவுசால். ஒரு சக்கரம்.
குடெக் கட்டிலோரம் நின்று தொப்பியைக் கசக்கினான்.
அச்சைப் பற்றி நெடுநேரம் பேசினான்.
நாலு பிராங்கை எண்ணி அவன் கையில் வைத்தேன்.
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

மிச்ச விமானங்கள் ரஷ்யாவுக்குப் போயினவாம்.
சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குப்பலகை மாட்டினார்களாம்.
அங்கே பனியில்
யார் யாருடைய பிடரியைப் பார்த்தபடி பறந்தார்களோ.

இப்போது புதியது வந்திருக்கிறது.
அதே பட்டறை. தொட்டி மட்டும் இல்லை.
துப்பாக்கி விசிறியோடு சமாதானம் பேசிவிட்டது;
கதவு மூடுமுன் நழுவும் பூனைபோல
இதழுக்கும் இதழுக்கும் நடுவே குண்டு போகிறது.
முன்னால் முழு வானம். எல்லாரும் வியக்கிறார்கள்.

எனக்குத்தான் ஒரு கோளாறு.
குறிபார்க்கையில் உடம்பு தானாக இடப்பக்கம் சாய்கிறது,
ஒரு தலையைச் சுற்றி எட்டிப் பார்க்கிறவன் மாதிரி.
இறங்குகையில் முட்டையை வைப்பதுபோல வைக்கிறேன்,
முன்னால் உடைவதற்கு யாருமில்லாவிட்டாலும்.
ஏனப்பா இவ்வளவு மெதுவாக, என்று கத்துகிறார் தளபதி.
நான் வாயை அசைக்கிறேன்.
எஞ்சின் இன்னும் நிற்கவில்லை.