உயிர் கூட்டல் நாற்பது

வியாழனுக்குள் முப்பது பண்டம் வேண்டுமாம்,
ராட்சசர்கள் திரியும் கைப்பேசி விளையாட்டுக்கு.
பெயர் ஒரு வரி. விளக்கம் இரண்டு.
சிரிப்பு வரவேண்டும், அடிக்கோடு போட்டிருக்கிறார்கள்.

கீழக்கரையில் கரண்ட் போய்
மடிக்கணினியில் மிச்சம் பதினேழு சதவீதம்.

எழுதினேன்:
பூதத்தின் மாமியார் சுட்ட முறுக்கு.
உண்ண இயலாது. எறிந்தால் தாக்குதல் ஒன்பது.

சுட்ட நெத்திலிக் கருவாடு.
பசி ஆறும்.
இனி எந்தக் கோட்டைக்குள்ளும் ஒளிந்து நுழைய முடியாது.

தொதல், ஒரு துண்டு.
எதிரிக்கு ஊட்டவும். பல் பிரியும்வரை
அவன் வாயில் மந்திரம் வராது.

நாலு மணி வெயிலில் எலுமிச்சை சர்பத்.
தூங்கும் டிராகனும் கண் திறந்து
எனக்கொன்று என்னும்.

நேற்று வைத்த மீன்குழம்பு. உயிர் கூட்டல் நாற்பது.
இன்று வைத்தது என்றால் பத்துதான்.

பெங்களூரிலிருந்து நீரஜ் கேட்கிறான்:
பழையதுக்கு எப்படி அதிகம்? கணக்குப் பிழையா?
என்னத்தைச் சொல்ல.
மறுநாள் சட்டியை வழித்துத் தின்றதில்லை போல.

இருபத்தொன்பதோடு நின்றுவிட்டது.
தம்பி ஜிப்ரியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு
மீன் ஏலத்துக்குப் போனேன்.
கூடையில் ஒன்று கிடந்தது:
கிளி மூக்கு, ஏட்டய்யா மீசை,
முதுகு நெடுக சீப்பு.
"இது என்ன மீன்?"
"வாங்கிட்டுப் போங்க, பேரு பெறகு வச்சுக்கலாம்"
என்றார் சந்தியாகு.

இப்போது அது அடுப்பில்.
உம்மா மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
ஜிப்ரி தட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

முப்பதாவது:
விற்றவருக்கும் பெயர் தெரியாத மீன்.
விளைவு, காலையில் அறிவிக்கப்படும்.