திருப்பித் தர வேண்டியவை

மும்பையில், லயன் கேட் வழியாக உள்ளே போய்
இடப்புறம் மூன்றாவது கிடங்கு.
இருபத்தாறு வருடமாகக் குமாஸ்தா நான்.
சாப்பாட்டு டப்பா கழுவும்போதுதான்
கடல் கண்ணில் படும்.

மலப்பிரபா எனக்குக் கப்பல் இல்லை,
நாலு பேரேடு.
ஒன்றில் இயந்திரம், ஒன்றில் துணிமணி,
ஒன்றில் சமையல்கட்டு,
நாலாவதில் எதிலும் சேராதவை.

முப்பத்தொரு வருடம் ஓடியது.
பகைவன் என்று எவன்மேலும் ஒரு குண்டு போட்டதில்லை.
புயலடித்த ஒரு கார்த்திகையில்
ஒரிசாக் கரைக்கு அரிசி கொண்டுபோனது,
வவுச்சர் நூற்றுப்பதினெட்டு.
சண்டை நடந்த ஏதோ துறைமுகத்திலிருந்து
அறுநூறு பேரை ஏற்றிவந்த மாதம்
போர்வையில் நூற்றித்தொண்ணூறு குறைந்தது.
"குழந்தைகள் போர்த்தியபடியே இறங்கிப் போய்விட்டன"
என்று காரணம் எழுதியிருந்தார்
பெட்டி ஆபீசர் ராயப்பன் கோமஸ்.
விதிப்படி அது காரணமே இல்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நடுக்கடலில் மூழ்கவில்லை அது.
பழுதுபார்க்க வந்து
சுவரோடு கட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை
வெல்டிங் பொறி ஒன்று
கேபிள் கட்டுக்குள் விழுந்து யோசித்து
சாயங்காலம் எழுந்தது.
பைகுல்லாவிலிருந்தும் வண்டி வந்தது.
ராவெல்லாம் தண்ணீர் அடித்தார்கள்.
தீ அடங்கிற்று.
தண்ணீர் போக வழியில்லை.
விடிகாலை நாலே காலுக்கு
தூக்கத்தில் புரளும் ஆள்போல
மெல்ல
இடப்பக்கம் திரும்பிப் படுத்தது.

இத்தனை மழைக்காலமும்
இத்தனை சமுத்திரமும் உள்ளே விட முடியாத நீரை
நாமே குழாய் வைத்து ஊற்றினோம்.

உயிர்ச்சேதம் என்ற கட்டத்தில்
'இல்லை' என்றது அறிக்கை.
கோமஸ் அன்று காலை
கரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார்.
அதற்குக் கட்டம் கிடையாது.

பிறகு எட்டு மாதம் எனக்கு வேலை.
சாப்பாட்டுத் தட்டு இருநூற்றுப்பன்னிரண்டு, தள்ளுபடி.
ஹார்மோனியம் ஒன்று, ஒரு கட்டை பேசாது, தள்ளுபடி.
இட்லித் தட்டு ஒன்பது,
சமையல்காரர் முத்தையாவின் மூன்று மனுக்களுக்குப் பின் வாங்கியது,
தள்ளுபடி.
சாயங்காலம் மாட்டுங்காவில் இறங்கினால்
துணிக்கடை வாசலில் அதே சொல்
சிவப்பு எழுத்தில் தொங்கும்.

ஒன்று மட்டும் கணக்கில் நேராகவில்லை.
நாக்குத் தேய்ந்ததென்று
வெள்ளிக்கிழமையே கழற்றி அனுப்பியிருந்தார்கள்
கப்பலின் மணியை.
எட்டாவது அலமாரியில் கோணிக்குள் இருக்கிறது.
புது நாக்கு பொருத்தியாயிற்று,
யாரும் அடித்துப் பார்க்கவில்லை.
வெளியே ஏதாவது கப்பல் ஊதினால்
தகரப் பலகை லேசாக அதிரும்.

ஒவ்வொரு மார்ச்சும் தணிக்கைக்காரர் கேட்பார்:
"கப்பலே இல்லையே மேடம்,
இதையும் சேர்த்துத் தள்ளிவிடலாமே?"
தொலைந்ததைத்தான் தள்ள முடியும், சார்.
இது இருக்கிறது.

ரசீதை எடுத்துக் காட்டுவேன்.
'ஏழு நாளில் திருப்பித் தரவும்.'
கீழே, பெற்றுக்கொண்டவர் கையொப்பத்துக்கு
விட்ட இடம்
இன்னும் வெள்ளையாக.